கடலோரக் குடும்பங்களுக்கு விபத்துக் காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள ஊர்களில் வங்கிச் சேவை முகவராகக் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு மதினி மஞ்சப்பையோடு வந்தார். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, அவருடைய கணக்கில் கிடக்கும் அறுநூற்றுச் சொச்சத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்க வேண்டும் என்றார். உப்புக்காற்றில் ஊறிப்போன பாஸ்புக். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

"அண்ணன் எப்படி இறந்தார்?" என்று கேட்டேன்.

"பைக்கில போறப்ப கிழக்குக் கடற்கரைச் சாலையில லாரி மோதிருச்சு தம்பி. ஏன் கேக்குறீங்க?"

அது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்காகப் பிடித்த பணம். அந்த 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் உண்டு என்பது அவருக்கும் தெரியாது, கணக்கு வைத்திருந்த கிளையில் எட்டு மாதமாக யாரும் சொல்லவும் இல்லை. பணம் கடைசியில் வந்தது. ஆனால் அன்றைக்கு அவர் கணக்கை முடித்துவிட்டுப் போயிருந்தால் வந்தே இருக்காது. அதற்குப் பிறகு என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்.ஐ.சி. பாலிசி இருக்கிறது. அப்புறம் விபத்துக் காப்பீடு எதற்கு?

ஆயுள் காப்பீடு சாவுக்குப் பணம் தருவது. விபத்துக் காப்பீடு விபத்தால் வந்த சாவுக்கும், உயிர் பிழைத்துக் கை, கால், கண் போனவருக்கும் தருவது. படகில் வலை இழுக்கும் வின்ச் கயிற்றில் கை சிக்கிப்போன ஒருவர் இன்னும் முப்பது வருடம் வாழ வேண்டும், பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும். அவருக்குச் சாதாரண ஆயுள் பாலிசியால் அப்போது பயன் இல்லை. பிரீமியம் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், நோயால் வரும் மரணம் இதில் சேராது என்பதுதான்.

எதையெல்லாம் விபத்து என்று எடுத்துக்கொள்வார்கள்?

திடீரென்று, எதிர்பாராமல், உடம்புக்கு வெளியே இருந்து வந்த காரணத்தால் நடந்திருக்க வேண்டும். சாலை விபத்து, கடலில் மூழ்குவது, பனையிலிருந்து விழுவது, பாம்புக்கடி, மின்சாரம் தாக்குவது எல்லாம் இதில் அடங்கும். புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் இறந்தாலும் பிரதமரின் 20 ரூபாய்த் திட்டத்தில் பணம் உண்டு. கொலை செய்யப்பட்டாலும் உண்டு. தற்கொலைக்கு இல்லை.

சிக்கல் வருவது மாரடைப்பில்தான். பைக் ஓட்டும்போது நெஞ்சுவலி வந்து கீழே விழுந்து இறந்தால் அது விபத்தா? 2019ல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே கேள்வி போனது. மாரடைப்பால்தான் மரணம், விழுந்ததால் இல்லை என்று சொல்லி விபத்துப் பலன் கிடையாது என்று தீர்ப்பானது. அதே ஆண்டு இன்னொரு வழக்கு: வெளிநாட்டில் கொசு கடித்து மலேரியாவில் இறந்தவர். மலேரியா பரவலாக இருக்கும் இடத்தில் அந்தக் காய்ச்சல் வருவது எதிர்பாராத ஒன்று அல்ல, அது விபத்தாகாது என்றார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் "மயங்கி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவது பழக்கம். அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எனக்குத் தெரியாமலே என்னிடம் காப்பீடு இருக்குமா?

இருக்கலாம். நான்கு இடத்தில் தேடுங்கள்.

முதலாவது பாஸ்புக். நான் 20 ரூபாய்த் திட்டம் என்று சொல்வது பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவைத்தான். அது 2015ல் தொடங்கியது. அப்போது வருடத்துக்கு 12 ரூபாய். 2022 ஜூன் முதல் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். மே கடைசியில் 20 ரூபாய் பிடித்திருந்தால், ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை உங்களுக்குக் காப்பீடு உண்டு. 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி என்கிற வேறு திட்டம். அது எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம் தரும்.

இரண்டாவது ஏ.டி.எம். கார்டு. ஜன் தன் கணக்கோடு வந்த ரூபே கார்டில் விபத்துக் காப்பீடு சேர்ந்தே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு தொடங்கிய கணக்கென்றால் இரண்டு லட்சம், அதற்கு முந்தையது என்றால் ஒரு லட்சம். நிபந்தனை ஒன்று உண்டு: விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்தக் கார்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாயாவது எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு. மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் வருவது. மீனவர் கையிலிருந்து ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை, அரசே கட்டுகிறது. இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், விபத்தால் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 ரூபாய் வரை. ஆனால் உங்கள் பெயர் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கடலுக்குப் போகிறவருக்கு மட்டும் என்று நினைத்துப் பாசி எடுக்கிற பெண்களும் நண்டு உடைக்கிற பெண்களும் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். மீன்பிடி சார்ந்த தொழில் செய்கிறவர்களுக்கும் இது உரியது. பெயர் ஏற்ற அவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்பேன்.

நான்காவது வண்டி இன்சூரன்ஸ் தாள். வண்டி உரிமையாளரே ஓட்டிப்போகும்போது விபத்தானால் 15 லட்சம் வரை தரும் தனிநபர் விபத்துப் பிரிவு அதில் இருக்கும். பணம் மிச்சமாகும் என்று அந்தப் பிரிவை நீக்கிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீக்காதீர்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் இது, அவரிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும். மாமனார் பெயரில் உள்ள வண்டியை மருமகன் ஓட்டிப் போய் விழுந்தால் இந்த 15 லட்சம் வராது.

20 ரூபாய் போன வருடம் பிடித்தார்கள், இந்த வருடம் பிடிக்கவில்லை. ஏன்?

கணக்கில் பணம் இருந்திருக்காது. இது நம் கடற்கரைக்கே உரிய கஷ்டம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், பிடிக்கிற மீனில் கிடைக்கும் பங்குக் காசு வராது, இருந்ததையும் எடுத்துச் செலவழித்திருப்போம். சரியாக அந்த நாளில், மே கடைசி வாரத்தில், வங்கி 20 ரூபாயைத் தேடி வருகிறது. கணக்கு காலி. காப்பீடு அந்த இடத்தில் அறுந்துவிடும். அடுத்த மாதம் தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும்போது அவர் காப்பீடு இல்லாமல்தான் போகிறார்.

அதனால் ஏப்ரலிலேயே கணக்கில் ஐந்நூறு ரூபாயைப் போட்டுத் தொடாமல் வையுங்கள். 20 ரூபாய் மட்டும் வைத்தால் வேறு கட்டணத்தில் அது போய்விடலாம். விட்டுப்போயிருந்தால் வருடத்தின் நடுவிலும் மறுபடி சேரலாம், கிளையில் படிவம் கொடுத்தால் போதும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்து இரண்டிலும் 20 ரூபாய் பிடித்தாலும் பலன் ஒன்றுக்குத்தான்.

கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தால் பணம் வருமா?

20 ரூபாய்த் திட்டத்தில் வராது. அதில் மரணத்துக்கு இரண்டு லட்சம். இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால், அல்லது ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ மீளமுடியாதபடி போனாலும் இரண்டு லட்சம். ஒரு கண், ஒரு கை, ஒரு கால் என்று ஒன்று மட்டும் போனால் ஒரு லட்சம். குணமாகிவிடும் எலும்பு முறிவுக்கு எதுவும் இல்லை, மருத்துவமனைச் செலவும் கிடையாது.

செலவுக்கு வேறு வழிகள் உண்டு. சாலை விபத்தென்றால் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வருமானம் வேண்டும் என்றால், தனியார் விபத்து பாலிசியில் வாரந்தோறும் தொகை தரும் பிரிவைச் சேர்த்து வாங்க வேண்டும். பங்குக் காசில் வாழ்கிறவருக்கு அந்தப் பிரிவுதான் மிகவும் தேவை என்பது என் எண்ணம். வலையில் கை வைக்காத நாளில் அவருக்கு வருமானமே கிடையாதே.

விபத்து நடந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆளைக் காப்பாற்றுங்கள், 108க்கு அடியுங்கள். அப்புறம், மருத்துவமனையில் சேர்க்கும்போது என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறோம். பின்னால் கிளைம் போகும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்பா நாட்டுப்படகின் அணியத்தில் (முன்பக்கத்தில்) நின்று நங்கூரக் கயிறு இழுக்கும்போது வழுக்கி, தலை பலகையில் அடித்து விழுந்தார். கொண்டுபோய்ச் சேர்த்த பையன் பதற்றத்தில் "படகுல மயங்கி விழுந்துட்டாருண்ணே" என்று சொல்லிவிட்டான். அப்படியே எழுதிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இது நோயால் வந்த மயக்கம் என்று கிளைமை நிறுத்திவிட்டார்கள். தலையில் அடிபட்டதால் ஏற்பட்ட ரத்தக்கசிவே காரணம் என்று போஸ்ட்மார்ட்டம் அறிக்கை சொன்னதால்தான் பிழைத்தோம். அதற்குள் ஒன்றரை வருடம். மூத்த பெண்ணின் கல்லூரிப் படிப்பு அதோடு நின்றது. அந்தப் பையன் இன்னமும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். அவன்மீது ஒரு குற்றமும் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற பெரியவர் யாராவது, "என்ன எழுதியிருக்கு, ஒருதடவை வாசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்க வேண்டும்.

அதனால் கேளுங்கள். எப்படி, எங்கே, எப்போது என்ற மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

போலீஸுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

சாலை விபத்து, ரயில் விபத்து, நீரில் மூழ்கியது, குற்றம் சம்பந்தப்பட்ட மரணம் என்றால் போலீஸ் பதிவு கட்டாயம். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு போதும் என்று 20 ரூபாய்த் திட்டத்தில் சலுகை இருக்கிறது. சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாட்டுவைத்தியம் பார்த்துவிட்டு மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் சலுகை கைகொடுக்காது.

கடலில் நடந்தது என்றால் மெரைன் போலீஸில் புகார் கொடுங்கள். அவசரத்துக்கு 1093. கடலோரக் காவல் படைக்கு 1554. கடலுக்குப் போகுமுன் வாங்கிய டோக்கன், கூடப் போனவர்களின் வாக்குமூலம், படகின் பதிவுச் சான்று எல்லாம் சாட்சியாகும். படகின் உரிமையாளரான சம்மாட்டியிடம் அன்றைக்கே பேசி இவற்றின் நகலை வாங்கிவிடுங்கள், பிறகு வாங்குவது கடினம்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று வீட்டில் அழுகிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கீழக்கரையிலிருந்து ஒரு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் அழைப்பார்கள்) போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்ற தவிப்பும், உடம்பை அறுக்க மனம் வராததும் யாருக்கும் புரியக்கூடியதே. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: விபத்து மரணத்தில் போஸ்ட்மார்ட்டம் இல்லாவிட்டால் கிளைம் மிகவும் பலவீனமாகிவிடும். சந்தேகத்துக்குரிய, இயற்கைக்கு மாறான மரணம் என்றால் சட்டப்படியே போலீஸ் அதைச் செய்ய வைக்கும். ஊர்ப் பெரியவர்களோ ஜமாத்தாரோ பங்குத்தந்தையோ உடன் போய், காகித வேலையை முன்னாலேயே முடித்து உடலைச் சீக்கிரம் வாங்கித் தந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

கடலில் போனவர் கிடைக்கவே இல்லை என்றால்?

இதற்குப் பதில் சொல்லவே மனம் கனக்கிறது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் கருத இடமுண்டு. 20 ரூபாய்த் திட்டமும் அந்த ஏழு ஆண்டுக் கணக்கையே பார்க்கிறது. அதனால் காணாமல்போன அன்றே புகார் பதிய வேண்டும், அவர் எப்போதிலிருந்து இல்லை என்பதற்கு அந்தப் புகார்தான் சாட்சி. தேடுதல் நடந்ததற்கான தாள்கள், உடன் போனவர்கள் சொன்னது, அந்த வருடம் 20 ரூபாய் பிடித்த பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வங்கிக் கணக்கை முடித்துவிடாதீர்கள். "வந்துருவாரு, புகார் கொடுத்தா அபசகுனம்" என்று தள்ளிப்போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். புகார் கொடுத்தாலும் அவரைத் தேடுவது நிற்காது, கூடுதலாகவே தேடுவார்கள்.

கிளைமுக்கு என்னென்ன காகிதம்?

20 ரூபாய்த் திட்டமென்றால் பணம் பிடித்த அதே வங்கிக் கிளைக்குப் போங்கள். கிளைம் படிவம், இறப்புச் சான்று, முதல் தகவல் அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, நாமினியின் (பணத்தைப் பெற முன்பே பெயர் எழுதி வைக்கப்பட்டவரின்) ஆதார், வங்கி விவரம். ஊனம் என்றால் சிவில் சர்ஜன் தரும் சான்று. நாமினி இல்லையென்றால் தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்று, அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

பெயரைப் பாருங்கள். ஆதாரில் முனியசாமி, பாஸ்புக்கில் முனுசாமி, இறப்புச் சான்றில் முனியாண்டி என்றிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்வது அரை நாள் வேலை.

30 நாள் தாண்டிவிட்டது. இனி கிடைக்காதா?

விபத்து நடந்த 30 நாளுக்குள் கொடுப்பதுதான் முறை. தாண்டினாலும் விட்டுவிடாதீர்கள். நியாயமான கிளைமைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை ஒரு கடிதமாக எழுதிச் சேருங்கள். அந்த மஞ்சப்பை மதினிக்கு எட்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தோம்.

இரண்டு மூன்று காப்பீடு இருந்தால் எல்லாவற்றிலும் வாங்கலாமா?

வாங்கலாம். ஒன்றில் வாங்கினால் இன்னொன்றில் கழிப்பார்கள் என்பது மருத்துவச் செலவுக்கான பாலிசிக்குத்தான் பொருந்தும். மரணத்துக்கும் ஊனத்துக்கும் உள்ள தொகை தனித்தனியாகவே வரும். சாலை விபத்தில் தீர்ப்பாயம் தரும் நஷ்ட ஈடும் வேறு, இதுவும் வேறு. அசல் காகிதம் ஒன்றுதான் இருக்கும் என்பதால் சான்றொப்பமிட்ட நகல்களை முதலிலேயே நான்கைந்து வாங்கி வையுங்கள்.

குடித்திருந்தால்?

தனியார் பாலிசிகளிலும் வண்டிக் காப்பீட்டிலும் அது நிராகரிக்கக் காரணம்.

தனியார் பாலிசி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தொழிலை மறைக்காதீர்கள். பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் "வியாபாரம்" என்று எழுதச் சொன்னால், "கடலுக்குப் போறவன்னே எழுதுங்க" என்று சொல்லுங்கள். பொய்யான தொழிலைக் காட்டி எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் உடைந்துவிடும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 'சரல் சுரக்ஷா பீமா' என்று கேளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு விற்க வேண்டிய பாலிசி இது. இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம்.

கிளைமை நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியாக இல்லையென்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டை 453ஆம் எண், பாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான பிரச்சினையை விசாரிப்பார்கள். குழு பாலிசிக்கும் போகலாம். நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி, அதற்கு இரண்டு வருடம் அவகாசம்.

நங்கூரக் கயிற்றுக் குடும்பத்தின் மனுவை நாங்கள் வெள்ளைத்தாளில் தமிழில்தான் எழுதினோம். ஏ.ஆர். காப்பியில் "மயங்கி" என்ற சொல்லையும், போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் தலைக்காயம் என்ற வரியையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு இணைத்தோம்.

நாமினியாக யாரைப் போடுவது?

கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு, பிறகு மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். கிளையில் ஒரு படிவத்தில் மாற்றிவிடலாம். போட்டவுடன் அவரிடம் சொல்லுங்கள். பாஸ்புக் எங்கே இருக்கிறது, எந்தக் கிளை, எந்த மாதம் பணம் பிடிக்கிறார்கள் என்று காட்டிக்கொடுங்கள். இப்போது என்னிடம் 20 ரூபாய்ப் படிவத்தோடு ஆண்கள் வந்தால், வீட்டுக்காரியை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன். "மதினி, அண்ணன் பேர்ல ஒரு காப்பீடு போட்டிருக்கோம், நீங்கதான் நாமினி" என்று நான் சொல்லி, அவர் "சரி தம்பி" என்ற பிறகுதான் படிவத்தை வாங்கிக்கொள்கிறேன்.